வாசல் நிழலில் மூன்று கல்

பெரிய திரையில் திருவனந்தபுரம் முழுக்கச் சிவந்து கிடந்தது.

கிழக்கேகோட்டையில் தொடங்கிய சிவப்புப் புள்ளிகள் சாலைக் கடைத்தெருவை நிறைத்து, தம்பானூர் வரை பரவி, ஆற்றுக்கால் பக்கம் போகப் போக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நகரத்துக்கே அம்மை போட்டதுபோல இருந்தது.

ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே ஒரே வரி. கேட்பாரற்ற கட்டடக் கழிவு, வண்டி அனுப்பப்படுகிறது.

சுமந்த் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

நகரக் கட்டுப்பாட்டு அறையில் அவன் ஒப்பந்த ஊழியன். தெருக்களைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும் இந்தப் புதிய மென்பொருளுக்கு இன்று காலைதான் உயிர் கொடுத்திருந்தார்கள். அது தேறினால் அவன் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் இருவரும் சேர்ந்தே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தேறுமா தேறாதா என்று சொல்ல வந்திருந்த அதிகாரி ஹரிகுமார், அவன் நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்றார்.

மென்பொருளைச் சொல்லியும் குற்றமில்லை. அதை எழுதியவர்கள் எங்கோ பனி பெய்யும் ஊரில் இருந்தார்கள். நடைபாதையில் மூன்று செங்கல் கிடந்தால், யாரோ வீடு கட்டி மிச்சத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஆற்றுக்கால் அம்மனுக்குத் தெருவிலேயே பொங்கலிடும் பொங்காலைக்கு முன்பே பெண்கள் வந்து, தெருவோரத்தில் மூன்று கல்லை அடுப்பாகக் கூட்டி, சாக்கட்டியால் பேரெழுதி இடம் பிடித்துவிட்டுப் போவார்கள் என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை. அந்த மூன்று கல் இந்த ஊரில் பத்திரப் பதிவுக்குச் சமம் என்பதையும்.

இத்தனை வீடு கட்ட நம்ம ஊரில் இடம் ஏது என்று பக்கத்து நாற்காலி ஆர்ஷா காதோரம் கேட்டாள். அவன் சிரிக்கவில்லை.

போன் அடித்தது. கழிவு வண்டி ஓட்டும் லிபின்.

"சாரே, ஒரே ஒரு கல்லைத்தான் தொட்டேன். ஒரு சேச்சி வண்டிச் சாவியை உருவி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, போய் உங்க கம்ப்யூட்டரைக் கூட்டிட்டு வாடான்னு நிக்குது."

சுமந்த் எல்லா வண்டிகளையும் நிறுத்தினான். ஏன் என்று மென்பொருள் கேட்டது. மரக்கிளை, தெருநாய், மற்றவை என்று அதுவே மூன்று காரணங்களையும் எடுத்துக் கொடுத்தது. அவன் மற்றவையைத் தட்டினான். மற்றவை என்றால் என்ன என்று அது மறுபடி கேட்டது.

ஹரிகுமார் இதற்கெல்லாம் கோபப்படாததுதான் அவனுக்கு இன்னும் கிலியாக இருந்தது. கழிவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. காமிராவுக்கு இருட்டிலும் கண் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றான். ஒரு பொருள் ஒரு முழம் நகர்ந்தால் கண்டுபிடிக்குமா என்றார். விரற்கடை நகர்ந்தாலும் கண்டுபிடிக்கும் என்றான், கொஞ்சம் நெஞ்சு நிமிர்த்தி.

நகர்த்தியது யார் என்றும் காட்டுமா?

காட்டும் என்றான் சுமந்த், நிமிர்த்திய நெஞ்சை மெல்ல இறக்கி.

அப்படியென்றால் சாலைக் கடைத்தெருவில் லிங்கம் பாத்திரக் கடை வாசலைப் போடு என்றார்.

அந்தக் காமிரா கொஞ்சம் தகராறு என்றான் சுமந்த். பச்சை விளக்கு எரிகிறதே என்றார் அவர். எரிந்தாலும் படம் தெளிவாக வராது என்றான். அதற்குள் ஆர்ஷா, உதவி செய்கிற நல்ல மனசோடு, பட்டனைத் தட்டிவிட்டாள்.

படம் கண்ணாடிபோல வந்தது.

அந்தத் தெருவிலேயே அகலமான தகரக் கூரை அந்தக் கடை வாசலுக்குத்தான். உச்சி வெயிலிலும் நிழல் விலகாது. அந்த நிழலில் மூன்று கல். கூரைக்கு வெளியே, கொளுத்தும் வெயிலில், இன்னொரு மூன்று கல்.

"வெயில்ல கிடக்குறது நம்ம வீட்டுக்காரி வெச்ச கல்லு." சாலைக் கடைத்தெருவின் தமிழ்க் கடைக்காரர்களிடம் பழகிப் பழகி வந்த தமிழில், ஹரிகுமார் ரகசியம்போலச் சொன்னார். "நேத்து சாயங்காலம் நிழல்லயாக்கும் வெச்சா. கல்லு நடக்குமோ?"

அவரே குனிந்து படத்தைப் பின்னோக்கி ஓட்டினார்.

விடிவதற்கு முந்தைய சாம்பல் வெளிச்சம். ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட் போட்ட உருவம் ஒன்று இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தது. நிழலில் இருந்த கற்களை, சாக்கட்டிப் பேர் அழியாமல், பிள்ளையைத் தூக்குவதுபோல ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்தது. ஸ்கூட்டரிலிருந்து தன் மூன்று கல்லை இறக்கி அந்த இடத்தில் கூட்டியது. கிளம்புமுன் மனசு கேட்காமல் திரும்பி வந்து, வெளியே வைத்த கற்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

ஹெல்மெட் போட்டிருக்கிறான், சட்டத்தை மதிக்கிற பையன் என்றார் ஹரிகுமார்.

மென்பொருள், யாரும் கேட்காமலே, வண்டி எண்ணைச் சுற்றிக் கட்டம் போட்டது. கட்டத்துக்கு அடியில் உரிமையாளர் பெயர் எழுத்தெழுத்தாக விழுந்தது.

சூடாமணி, கரமனை.

தினமும் சூடாமணி மாமியின் தயிர் சாதத்தில் பங்கு கேட்கும் ஆர்ஷா, மெல்லத் திரும்பி மாமியின் மகனைப் பார்த்தாள்.

சுமந்த் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். விடியற்காலையில் அம்மா உலுக்கி எழுப்பிவிட்டால், தான் எங்கே என்ன வேலை பார்க்கிறோம் என்பதுகூட ஒருவனுக்கு நினைவிருப்பதில்லை.

ஹரிகுமார் பேனாவை எடுத்தார். இருட்டில் கண் தெரிகிறது, நகர்ந்தது தெரிகிறது, நகர்த்தியவனும் தெரிகிறான், இதற்கு மேல் ஒரு நகரத்துக்கு என்ன வேண்டும் என்று சொல்லி, மென்பொருள் தேறியது என்று கையெழுத்துப் போட்டார். அடுத்த தாளில், சுமந்தின் வேலைக்கும்.

பிறகு அவன் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டு, திரைக்கு நேரே வசதியாக உட்கார்ந்தார்.

"மத்தியானம் ஊணுக்குப் போகும்போது கல்லு எல்லாத்தையும் பழையபடி வெச்சேக்கணும், கேட்டோ. நான் இங்க இருந்து பார்த்துட்டே இருப்பேன்."