வளர்ற புள்ள

கோட்டின் கைக்குள் மகளின் விரல்கள் காணாமல் போயிருந்தன.

அவன் அதைத்தான் முதலில் பார்த்தான். முகத்தைக்கூட அப்புறம்தான்.

குடும்ப நீதிமன்றத்தின் மாடி வராந்தா. கோயம்புத்தூரின் மத்தியான வெயில். ஏழு வயதுப் பிள்ளை கழுத்துவரை பித்தான் போட்டு, கம்பளிக் கோட்டுக்குள் நின்றது. நெற்றியெல்லாம் வியர்வை.

"ப்பா, பனி பேஞ்சா இதத்தான் போட்டுக்கணும். உங்ககிட்ட காட்டிட்டுத்தான் கழட்டுவேன்னு சொல்லிட்டேன்."

கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

"பெருசா இருக்கே சாமி."

"அடுத்த வருசமும் போட்டுக்கலாம்னு அம்மா சொன்னாங்க."

அடுத்த வருசம்.



பிள்ளையை வெளிநாடு கூட்டிப்போக அனுமதி கேட்டுப் போட்ட மனுவில் என்ன எழுதியிருக்கிறாள் சுபாஷிணி? ஸ்காட்லாந்தில், எடின்பரோவில் தங்கை வீடு. தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. மகளுடன் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு, பொங்கலுக்கு முன்னால் திரும்பிவிடுவோம்.

திரும்பி வருகிறவர்களுக்கு அடுத்த வருசம் எதற்குக் கம்பளிக் கோட்டு? கோயம்புத்தூரில் எந்த மாசத்தில் பனி கொட்டுகிறது?

நல்லா இருக்கு கதை.

எதிர்ப் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். பிரிந்ததிலிருந்து அவளைச் சந்தேகப்படுவதே இவனுக்குப் பிழைப்பு. போன வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, டிசி வாங்கிவிட்டாளா என்று விசாரித்தான். இல்லை என்றார்கள். அதையும் நம்பவில்லை. ஸ்கூட்டரை விற்றுவிட்டாளா என்று பார்க்க, அவள் தெரு வழியாகவே வேலைக்குப் போய்வந்தான். ஸ்கூட்டர் வாசலில் நின்றது. நிற்கட்டுமே, அதனால் என்ன?

அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மடியில் வந்து விழுகிற பிள்ளை, போனுக்குள் தெரிகிற பிள்ளையாகிவிடும்.

தன் வக்கீல் தணிகாசலத்தைத் தூண் மறைவுக்குக் கூப்பிட்டுச் சொன்னான். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இது போதுமுங்க. ஜட்ஜம்மா பாப்பாவத் தனியாக் கூப்பிட்டுக் கேப்பாங்க. அடுத்த வருசம்கறது பாப்பா வாயாலயே வரட்டும். அப்புறம் எப்படி அனுப்புவாங்கன்னு பாத்துரலாம்."

அவனுக்கு மூச்சு சீரானது. மாட்டினாள்.

கூப்பிட இன்னும் நேரமிருந்தது. கொண்டுவந்திருந்த அட்டைப் பெட்டியை மகளிடம் கொடுத்தான். மிதித்தால் விளக்கு எரிகிற ஷூ. பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐ!"

பழைய செருப்பை உதறிவிட்டு மாட்டிக்கொண்டாள். வராந்தாவில் நடந்தாள். சிவப்பும் நீலமுமாய் மினுங்கியது. குதிகால் ஒவ்வோர் அடிக்கும் வெளியே வந்து, தொப்புத் தொப்பென்று விழுந்தது. கதவருகே நின்ற டவாலி திரும்பிப் பார்த்தார்.

பாதியிலேயே நின்று கேட்டாள்.

"ப்பா, இதுவும் அடுத்த வருசத்துக்கா?"

அவன் காலிப் பெட்டியில் ஒட்டியிருந்த சைஸ் எண்ணைப் பார்த்தான்.

நேற்று கடையில் அவன் சொன்னதுதான். ஒரு சைஸ் பெருசாவே குடுங்க, வளர்ற புள்ள.

அவன் வீட்டில் அப்படித்தான் வாங்குவார்கள். அவள் வீட்டிலும் அப்படித்தான். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சண்டையில்லாமல் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும். பிறக்காத பிள்ளைக்கே ஒரு வயசுச் சட்டை எடுத்து வைத்தவர்கள்.

சுபாஷிணி ஷூவைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிரிப்பா? மாட்டிக்கொண்டோமே என்கிற பயமா?

பாழாய்ப் போன மனசு அதையும் விடவில்லை.

டவாலி பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

உள்ளே மின்விசிறிச் சத்தம். நீதிபதி காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி, அப்பாவுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். வக்கீல் முழங்கையால் இடித்தார்.

"பாப்பாவக் கேக்கச் சொல்லட்டுங்களா?"

கதவோரம் மகள் நின்றிருந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சொல்லிவிடுவாள். கேட்டால் அப்படியே சொல்லிவிடுவாள். அவளுக்குப் பொய் வராது. அப்புறம் பனியும் இல்லை, சித்தி வீடும் இல்லை. எதனால் என்று அவளுக்கு ஒருநாள் தெரியாமலா போகும்?

"ஆட்சேபணை இல்லைங்கம்மா."

"ஏனுங்க!" என்றார் வக்கீல், வாய்க்குள்ளேயே.

சுபாஷிணியை நம்பிவிட்டானா? இல்லை. இப்போதும் நம்பவில்லை. அந்த ஒரு வார்த்தையை மகள் வாயிலிருந்து பிடுங்க அவனால் ஆகவில்லை, அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் மகள் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். சுபாஷிணி கையை நீட்டினாள்.

"குடுங்க. கொண்டு போறோம். அங்க போட்டுக்கட்டும்."

அங்க.

அவன் பெட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"இது இங்கயே இருக்கட்டும். வந்து போட்டுக்கட்டும்."

அவள் நீட்டிய கையை மெல்ல இறக்கிக்கொண்டாள்.

மகளின் முகம் சுருங்கிவிட்டது.

"ப்பா, நான் வரப்ப இது அளவா இருக்குமா?"

அவன் குனிந்து கோட்டின் கைகளை மடித்துவிட்டான். ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு. விரல்கள் வெளியே வந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டான்.

"இருக்கக் கூடாது சாமி," என்றான். "அப்பவும் பெருசாத்தான் இருக்கணும்."