இடிப் பெட்டி

“ஒருத்தரும் வெளிய போகக் கூடாது! என் பெடல்ல கை வெச்சது யாருன்னு எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!”

பல் மருத்துவமனையின் பின்னறையில் அப்போது இருந்தவர்கள்: கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கத்திய பல் டாக்டர், வயரில்லா மைக்கும் கையுமாக அவர் மனைவி, டிரம்ஸுக்குப் பின்னால் பதுங்கிய மனைவியின் தம்பி, பேஸ் கிதார் வாசிக்கும் கூரியர்காரர். இவர்களைத் தவிர மூலையில் பல் பார்க்கும் உடைந்த நாற்காலி ஒன்று.

இன்னும் சற்று நேரத்தில் ஹோட்டல் முதலாளி வந்துவிடுவார். சனிக்கிழமைதோறும் வாசிக்க அவருக்கு ஒரு குழு வேண்டும். போன வாரம் தெருவில் போகும்போது இவர்களின் ஒத்திகையைக் கேட்டிருந்தார். “கிதாரா சார் அது? பாறையை வெடி வெச்சுப் பொளக்கற மாதிரி! அந்தச் சத்தம் இருந்தா மேடை உங்களுக்கு. இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்” என்று போனிலேயே சொல்லியிருந்தார்.

அந்தச் சத்தம்தான் இப்போது காணாமல் போயிருந்தது. டாக்டர் தந்தியை ஓங்கி அடித்தால், லிஃப்டுக்குள் கேட்கும் இசை மாதிரி சாதுவாக வந்தது.

அவர் காலடியில் ஆரஞ்சு நிற இரும்புப் பெட்டி கிடந்தது. டிஸ்டார்ஷன் பெடல். கிதாரின் ஒலியை வாங்கி, கரகரவென்று கிழித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற சாமான். மனைவியின் பிறந்தநாளை மறந்தாலும் இதன் பராமரிப்பை டாக்டர் மறந்ததில்லை. குமிழ்களின் இடுக்கைப் புதுப் பல் பிரஷ்ஷால்தான் துடைப்பார். வாசித்து முடித்ததும் வயரைப் பிடுங்கிவிடுவார். செருகியே வைத்தால் பேட்டரி தீர்ந்துவிடும். கண்ணைக் குத்துகிறது என்று அதன் சிவப்பு விளக்கின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்.

“மழை சீசனுக்கு அப்புறம் இது நல்லா கனிஞ்சுடுச்சு,” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். “ஒரு மிதி மிதிச்சா மூச்சுப்பேச்சு இருக்காது. இன்னொரு மிதி மிதிச்சா இடி! எந்தப் பெடலாவது இப்படிப் பண்ணுமா?”

இன்றும் மிதித்தார். மூச்சுப்பேச்சு இல்லை. இன்னொரு மிதி. லிஃப்ட்.

“குமிழை யாரோ திருப்பியிருக்காங்க. மயிரிழை மயிரிழையா பாத்து வெச்சிருந்தேன்!”

“நான் தொடலை டாக்டர். நீங்க அதுக்குக் குளோரோஃபார்ம் குடுக்காத குறையா தாலாட்டறதைப் பாத்தா, கிட்ட போகவே பயமா இருக்கு,” என்றார் கூரியர்காரர்.

டாக்டர் டிரம்ஸ் பக்கம் திரும்பினார். “டேய், நீ ஏன்டா வேர்த்து வழியறே?”

“ஃபேன் ஓடலை மாமா.”

“ஓடுதுடா!”

மனைவி மைக்கை வைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். “ஊர்ல இருக்கறவன் வாயையெல்லாம் திறந்து பாக்கறீங்க. இது வாயை என்னிக்காவது திறந்து பாத்தீங்களா?”

பெடலைக் கவிழ்த்து அடிமூடியைக் கழற்றினாள். பேட்டரி இருக்க வேண்டிய குழி சுத்தமாக, காலியாக இருந்தது.

“திருட்டு!” என்று அலறினார் டாக்டர்.

“என்ன திருட்டு? மழை சீசன்ல கச்சேரி இல்லாதப்ப, பேட்டரி கசிஞ்சு பெடல் கெட்டுடும்னு நீங்கதானே கழட்டி அலமாரியில வெச்சீங்க? அதை மைக்ல போட்டுப் பாடி, அது தீர்ந்து, வேறயும் மாத்தியாச்சு.”

கூரியர்காரர் தலையைச் சொறிந்தார். “அப்போ இவ்வளவு நாளும் உயிரில்லாத பெட்டியைத்தான் மிதிச்சீங்களா டாக்டர்? ஒரு மிதியில சத்தத்தை அடைச்சிருக்கு, இன்னொரு மிதியில அப்படியே ஆம்ப்ளிஃபயருக்கு விட்டிருக்கு!”

டாக்டர் மைக்கிலிருந்த பேட்டரியைப் பிடுங்கிப் பெடலில் மாட்டினார். பிளாஸ்திரியைக் கிழித்தார். மிதித்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. தந்தியை அடித்தார்.

கொசு பாடியது.

எல்லாக் குமிழையும் முழுசாகத் திருப்பினார். பெரிய கொசு பாடியது.

“பேட்டரி போட்டும் அந்தச் சத்தம் வரலைன்னா,” மனைவி மெதுவாகக் கேட்டாள், “அந்தச் சத்தம் எங்கேருந்துதாங்க வந்துச்சு?”

டிரம்ஸுக்குப் பின்னால் குச்சி நழுவி விழுந்தது.

“மாமா, திட்டாதீங்க,” தம்பியின் குரல் உள்ளே போயிருந்தது. “மழை சீசன்ல இடத்தைக் கூட்டலாம்னு ஆம்ப்ளிஃபயரை நகர்த்தினேன். வழுக்கி, அதோட பின்பக்கம் திறந்திருக்குல்ல, அது வழியா கால் உள்ள போயிடுச்சு. ஸ்பீக்கர் பேப்பர் டர்ருனு கிழிஞ்சிடுச்சு. உங்களுக்குப் பயந்துக்கிட்டு சொல்லலை.”

“அப்போ இடி இடிச்சது கிழிஞ்ச ஸ்பீக்கரா!” என்றார் கூரியர்காரர்.

“இன்னிக்கு முக்கியமான நாள், மாமா மானம் போயிடக் கூடாதேன்னு காலையிலதான் யாருக்கும் தெரியாம புது ஸ்பீக்கர் மாத்தினேன். நல்லதுதானே மாமா பண்ணினேன்?”

வாசலில் கார் ஹாரன் அடித்தது. ஹோட்டல் முதலாளி.

டாக்டர் கிதாரைக் கழற்றி நாற்காலியில் சாய்த்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு மச்சினனை நோக்கி நடந்தார்.

“என்னங்க, வேண்டாங்க! அவன் எனக்கு ஒரே தம்பி!” மனைவி குறுக்கே வந்தாள்.

டாக்டர் அவளை விலக்கினார். மச்சினனின் சட்டைக் காலரைப் பிடித்தார். குனிந்து அவன் ஷூவைப் பார்த்தார்.

“அன்னிக்கு எந்தக் கால்டா?”

“வ... வலது, மாமா.”

“போய் முதலாளியைச் சிரிச்ச முகமா உக்கார வை,” என்று மனைவியிடம் சொன்னார் டாக்டர். பிறகு அவனைச் சத்தம் வெளியே கேட்காத எக்ஸ்ரே அறைக்குள் தள்ளினார். ஆம்ப்ளிஃபயரையும் அவன் பின்னாலேயே உருட்டிவிட்டார். “அதே மாதிரி, பின்பக்கமா, ஒரே மிதி! ஸ்பீக்கரைக் கிழிக்காம வெளிய வந்தே, கொன்னுடுவேன்!” என்று சொல்லிக் கனத்த கதவைச் சாத்திப் பூட்டினார்.