எடுக்கக் கூடாத அழைப்பு

ஒரு மணி அடித்தது.

இரண்டாவதும் அடித்தது.

துண்டிக்கப் போனான். அதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.



எடுக்கவே கூடாது. தோகாவுக்கு விமானம் ஏறும் முன்பே அவனும் மனைவி பூங்கோதையும் பேசி வைத்துக்கொண்டது அது. தினமும் சாயங்காலம் வேலை முடிந்து அறைக்கு வந்ததும் இரண்டு மணி விட்டுத் துண்டிப்பான். வந்து சேர்ந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். காசு போகாது.

வெள்ளிக்கிழமை மட்டும் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அன்றைக்கு எடுக்கலாம். போன் கார்டில் இருக்கிற நிமிடங்கள் அத்தனையும் அந்த ஒரு நாளுக்குத்தான்.

கார்டு மலிவுக் கார்டு. அதனால் வீட்டுப் போனில் தினம் ஒரு தேசத்து எண் வந்து விழும். எண்ணைப் பார்த்து யாரென்று கண்டுபிடிக்க முடியாது. மணியை வைத்துத்தான் பூங்கோதை புருஷனை அடையாளம் காண்பாள். அந்த விஷயத்தில் அவள் கெட்டி. பால்காரர் கூப்பிட்டால்கூட மூன்றாவது மணி அடிக்கும் வரை கைவைக்க மாட்டாள்.

அப்படிப்பட்டவள் எடுத்துவிட்டாள்.

யாருக்கு என்ன ஆயிற்றோ?

"அப்பா!"

அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

நறுமுகை.

அவன் இங்கே வந்த பிறகு பிறந்தவள். ஒன்றரை வயது. அவளைப் பொறுத்தவரை அப்பா என்பது பிரிட்ஜ் மேல் இருக்கிற கறுப்புப் போன். அது அடித்தால் போதும், "அப்பா, அப்பா" என்று அண்ணாந்து பார்த்துக் குதிப்பாளாம். எடுத்துக் காதில் வைத்து, உள்ளேயிருந்து அவன் குரல் வந்ததோ, போச்சு. வாயை இறுக மூடிக்கொண்டு அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொள்வாள்.

பேராவூரணியில் அவள் அப்பா என்று கூப்பிடுவதை வீட்டுத் தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. பால்காரர் கேட்டுவிட்டார். பெற்றவனுக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை பூங்கோதை இதைச் சொன்னபோது அவன் சிரிக்கத்தான் செய்தான். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

இப்போது "முகை" என்று கூப்பிட வாயெடுத்தான்.

மூடிக்கொண்டான்.

பேசினால் ஓடிவிடுவாள்.

"அப்பா."

இந்த முறை மெதுவாக. ஏதோ ஈரமான கை போனைத் தட்டியது. ஒரு கொலுசு தரையில் இழுபட்டது.

"அப்பா, மம்மம்."

ஊட்டுகிறாள். பருப்புச் சோறாக இருக்கும். பேசும் ஓட்டை முழுக்கச் சோறு அப்பியிருக்க வேண்டும், எல்லாச் சத்தமும் மந்தமாகிவிட்டது. அவன் தன்னையறியாமல் வாயைத் திறந்து காட்டினான்.

நிமிடங்கள் போய்க்கொண்டிருந்தன. இப்போது துண்டித்தால் வெள்ளிக்கிழமைக்குக் கொஞ்சம் மிஞ்சும். வாரம் முழுக்கப் பூங்கோதை காத்திருந்து பேசுவதற்குக் கொஞ்சம். சம்பளம் வருவதற்குள் இன்னொரு கார்டு கிடையாது.

கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. தொட்டது. திரும்பி வந்தது.

அவள் தன் பாஷையில் அப்பாவுக்கு என்னென்னவோ சொன்னாள். நடுவில் ஒரு காக்கா வந்தது. யாரோ அடி வாங்கினார்கள். எதற்கோ தானே சிரித்துக்கொண்டாள். ஒரு தடவை கண்ணாடி வளையல் சிணுங்கியது. பிறகு மறுபடியும் அப்பா, மறுபடியும் மம்மம்.

அவன் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டான்.

"அப்பா" என்று இன்னொரு தடவை ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் கார்டுக்காரியின் குரல் குறுக்கே புகுந்து, நிமிடம் தீர்ந்தது என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனது.

எதிர்க் கட்டில் ரஹ்மத்துல்லா பாய் இவ்வளவு நேரமும் இவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை பேசாம கார்டு பூராத்தையும் கரைச்சிட்டியேப்பா. வெள்ளிக்கெழம தங்கச்சிக்கு என்ன பதில் சொல்லுவ?"

அவன் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். சந்தோஷம் தொண்டை வரைக்கும் இருந்தது. அதன் மேலேயே குற்ற உணர்ச்சியும் ஏறி உட்கார்ந்திருந்தது. பாவி, அவளுடைய வெள்ளிக்கிழமையைத் தின்றுவிட்டோமே.

போனைச் சார்ஜில் போட எழுந்தான்.

பாதியில் நின்றான்.

போன் பிரிட்ஜ் மேல் இருக்கும். எப்போதும் அங்கேதான் இருக்கும். மகளுக்கு எட்டாது.

அந்த வளையல்.

குழந்தைக்குக் கையில் வெள்ளிக் காப்புதான். அவன் அனுப்பியது.

அப்படியானால் பூங்கோதை அவ்வளவு நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு ஹலோ சொல்லாமல். ஒரு செருமல் இல்லாமல்.

அவன் கையில் போன் அடித்தது.

திரையில் வீட்டு எண். இத்தனை நாளில் அந்தப் பக்கத்திலிருந்து மணி வந்ததே இல்லை.

ஒரு மணி.

"எடுப்பா, தங்கச்சியாத்தான் இருக்கும்" என்றார் பாய்.

இரண்டாவது மணி.

நின்றுவிட்டது.

அவன் எடுக்கவில்லை.