கணவாய் தாண்டிய குதிரை

"எங்க அம்மா இறந்தப்போ எனக்கு ஏழு வயசு" என்று சொல்லிவிட்டு ஜானிஷ்பெக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிஷ்கெக் நூலக அரங்கில் சில பெண்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். மாயாஜால நாவல்கள் எழுதுகிறவர் அல்லவா, எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

முன்வரிசையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி அணிந்த மூன்று பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காக நாரின் மலைப்பக்கத்திலிருந்து வந்தவர்கள். தொடக்கத்திலிருந்தே கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கைகளைத் தவிர மற்ற எல்லாக் கைகளும் ஜானிஷ்பெக்கின் கண்ணில் பட்டன.

"அகாய், உங்க நாவல்ல எல்லா அம்மாவும் முதல் அத்தியாயத்துலயே செத்துப்போயிடுறாங்களே, ஏன்?" என்று கல்லூரிப் பெண் ஒருத்தி, ஆசிரியரை அழைக்கும் மரியாதையோடு கேட்டாள்.

"அம்மா உயிரோட இருந்தா கதாநாயகன் எப்படிம்மா கிளம்புவான்? வாசல்ல வாளோட நிப்பான், 'ரொட்டி தின்னுட்டுப் போடா'ன்னு பின்னாலயே வந்துடுவா."

அரங்கம் சிரித்தது. அவள் விடவில்லை. "அப்போ கிணத்துல விழுந்த கொல்லன்? அவன் கதி என்ன ஆச்சு?"

எந்தக் கொல்லன் என்று அவருக்குச் சத்தியமாக நினைவில்லை. "அதை வாசகர்களோட மனசுக்கே விட்டுட்டேன்."

"இல்லையே அகாய், கடைசியில அவன் கல்யாண விருந்துக்கு வந்து ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிடுறானே!"

அவர் தண்ணீர் குடித்தார். அடுத்து ஓர் இளைஞன் எழுந்தான். "உங்க நாவல்ல வர்ற ராஜ்ஜியத்துல சாவுச் செய்திய நேராச் சொல்லாம, பெரியவங்க கூடி வந்து கதை மாதிரி மெல்லச் சொல்றாங்களே, அது எப்படித் தோணுச்சு?"

"முழுக்க என் கற்பனைதான்."

"எங்க தாத்தா செத்தப்பவும் அப்பாகிட்ட அப்படித்தானே சொன்னாங்க! அது யாரோட கற்பனை?"

இந்த முறை சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அந்தச் சந்தடியில் முன்வரிசைப் பெரியவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஊரே 'அக்சகல்' என்று மரியாதையாக அழைக்கும் மூத்தவர் ஒரோஸ்பெக் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"தம்பி, பதில் வாங்காம நாங்க ஊர் திரும்ப முடியாது. மனசக் கொஞ்சம் திடமா வச்சுக்கிட்டுக் கேளு." அவர் குரலைத் தாழ்த்தினார். "சாம்பல் நிறத்துல ஒரு பெட்டைக் குதிரை. கொட்டுற பனியில கணவாயத் தாண்டிப் போச்சு. குட்டி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துச்சு, அது திரும்பிப் பாக்கல. இனி அது வருமா, வராதா? அந்தக் குட்டிக்கு என்னன்னு சொல்றது?"

ஜானிஷ்பெக்கின் முகம் வெளுத்தது. சொந்த ஊர்ப் பெரியவர்கள். மூவரும் எழுந்து நிற்கிறார்கள். தாய்க்குதிரை. மேடையிலிருந்து தடுமாறி இறங்கி ஒரோஸ்பெக்கின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா போயிட்டாங்களா, அக்சகல்? போன வாரங்கூடக் கூப்பிட்டாங்களே! வேலையா இருக்கேன்னு வச்சுட்டேனே! ஒரு நிமிஷம் பேசியிருக்கக் கூடாதா நான்!"

இந்த அழுகைக்கு நிறுத்தும் இடம் தெரியவில்லை. மூக்கு ஒழுகியது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்: "இவருக்கு ஏழு வயசானப்பவே செத்தவங்க போன வாரம் எப்படிக் கூப்பிட்டாங்க?"

ஒரோஸ்பெக் திகைத்துப் போனார். "அல்லா காப்பாத்தட்டும்! யாருப்பா போனது? நாங்க உன் புத்தகத்துல வர்ற குதிரையத்தானே கேட்டோம்!"

"என் புத்தகத்துலயா?"

"முதல் பாகத்தோட கடைசியில வருதே, மறந்துட்டியா? உங்க அம்மா அந்த இடத்த மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேக்குறா. ரெண்டாம் பாகத்துல அது குட்டிகிட்ட வந்துடுமான்னு தெரியாம ராத்திரி தூக்கமில்ல அவளுக்கு. அவதான் கேட்டுட்டு வாங்கன்னு அனுப்புனா."

ஜானிஷ்பெக் குழந்தையைப் போல விக்கினார். "அப்போ அம்மா நல்லா இருக்காங்களா? ஊர்லயா இருக்காங்க?"

"எங்ககூடத்தான் வந்தா. வெளிய வேன்ல உக்காந்திருக்கா."

"ஏன் அக்சகல், உள்ள கூட்டிட்டு வந்திருக்கலாமே!"

ஒரோஸ்பெக் அவர் காதருகே குனிந்தார். ஒலிவாங்கி கையில் இருப்பதை மறந்து மெதுவாகத்தான் சொன்னார்:

"அம்மா செத்துட்டான்னு நீ எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கியே... பிள்ளை சொன்னது பொய்யாயிடக் கூடாதுன்னு வரமாட்டேன்னுட்டா."