ஊளை

இங்கிலாந்தின் டெவன் பகுதியில், கிராமத்து ஒடுங்கிய சாலையில் எங்கள் கார் சக்கர வீடான கேரவனை இழுத்துக்கொண்டு ஊர்கிறது. இருபுறமும் ஆளுயர வேலிச்செடி, இலைகளுக்கிடையே ஜூலை வெயில். பக்கக் கண்ணாடிகளில் கேரவனின் வெள்ளைச் சுவரைத் தவிர எதுவும் தெரியவில்லை. கேரவனைத் தாண்டிப் பின்னால் தெரிகிற நீளக் கண்ணாடி மாட்டு என்று முப்பது வருஷமாகச் சொல்கிறேன். "நான் ஓட்டாத ரோடா?" என்பான் என் கணவன் ஆல்வின். ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை அலறுகிறது. நடுவில் ஏதோ ஊளைச் சத்தம். "சிக்னலே சரியில்ல" என்று ரொம்ப நேரமாகக் குமிழைத் திருகுகிறான். மகள் நேற்று கேரவனின் முதுகில் கேமரா பொருத்திவிட்டாள். அதன் திரை என் மடியில் இருக்கிறது. ஒயரைச் செருகுகிறேன். உள்ளங்கையளவு திரை வெளுத்து, மெல்லத் தெளிகிறது. அதை அடைத்துக்கொண்டு ஒரு மஞ்சள் வண்டி, உச்சியில் வெட்டி வெட்டி எரியும் நீல விளக்கு. நான் ரேடியோவை அணைக்கிறேன். ஊளை நிற்கவில்லை.

"ஆல்வின், பின்னாடி ஆம்புலன்ஸ்!"

"எவ்ளோ நேரமா?"

"எனக்கெப்படித் தெரியும்? ஒதுங்கு!"

வயல் கேட் ஒன்று வருகிறது. கேரவன் குலுங்கி அதன் முன்னாலுள்ள இடைவெளியில் ஒதுங்குகிறது. ஆம்புலன்ஸ் உரசுவதுபோலக் கடக்கிறது. இந்தச் சாலைகளில் வழிவிட்டவருக்கு எல்லோரும் செய்வதுபோல, அதன் ஓட்டுநர் கையை உயர்த்தி எங்களுக்கு நன்றி சொல்லிப் போகிறார். பதிலுக்குக் கை தூக்காமல் ஆல்வின் யாரையும் அனுப்பியதில்லை. இப்போது அவனுடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை விட்டு எழவில்லை.