அண்ணியின் விமர்சனம்

“இந்தக் குப்பைக்கெல்லாம் பட்டியல் ஒரு கேடா?” என்று போன வருடம் அண்ணி கேட்டாள்.

“பிடிச்சதைச் சொல்றேன் அண்ணி. என் வலைப்பக்கத்துல இதைப் பார்த்துத்தான் பன்னிரண்டாயிரம் பேர் புத்தகம் வாங்குறாங்க” என்றாள் நாத்தனார்.

அண்ணி கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறவள். அவள் வாயிலிருந்து ஒரே ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று நாத்தனாருக்கு ஆசை. அதனால் இந்த வருடத்தில் தனக்குப் பிடித்த பத்து காதல், மாயாஜால நாவல்களின் பட்டியலை, வெளியிடும் முன்பே அவளிடம் நீட்டினாள்.

அண்ணி உதட்டைப் பிதுக்கினாள்.

“முதல் நாவல்ல இளவரசனுக்குச் சிறகு முளைக்குது, மூளைதான் முளைக்கல. நாலாவதுல டிராகன் கவிதை எழுதுது. ஏழாவதுல ஒரு முத்தத்துக்கு முந்நூறு பக்கம்!”

“பத்தையும் படிச்சிட்டீங்களா அண்ணி?”

“என் தலையெழுத்து!”

நாத்தனாரின் முகம் தொங்கிப்போயிற்று. “அப்போ வேண்டாம் அண்ணி. பட்டியலையே அழிச்சிடறேன்.”

“ஐயையோ, அழிச்சுத் தொலைக்காதே!”

அண்ணி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரல் கிசுகிசுப்பாக இறங்கியது.

“‘வேதாளத்தின் வெட்கம்’னு ஒரு நாவல் வந்திருக்கு பாரு, அது நான் எழுதினது. மூணு வருஷமா புனைபெயர்ல எழுதறேன், உன்கிட்ட கேட்க வாய் வராம மென்னு முழுங்கறேன். கடைசி இடத்துலயாவது என்னைப் போடேன்டி!”