பாதியில் எழுந்து போனவர்

“லீவுல இருக்கிறவளைக் கூப்பிடாதேன்னு சொன்னேனா இல்லையாடி?” போனில் சீறினாள் அவள்.

“டேட்டாபேஸ் உறைஞ்சு போச்சு. நாலு ஆஸ்பத்திரியிலயும் மருந்துக் கவுண்டர் நின்னுடுச்சு, ஜனங்க கத்துறாங்க. மேனேஜர் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்றார்” என்றாள் ஆபீசில் இருந்த தோழி.

“அவரை முதல்ல நாற்காலியில உட்காரச் சொல்லு. டேட்டாபேஸ்ல இருநூறு கோடி பதிவு இருக்கு. இப்ப ரீஸ்டார்ட் பண்ணா, எல்லாத்தையும் சரிபார்த்து அது எழுந்து நிற்கவே சாயங்காலம் ஆயிடும். முன்னாடி வழி மறிச்சு நிற்கிறது எதுன்னு பாரு.”

கீபோர்டு படபடத்தது.

“காலையில எட்டே முக்காலுக்கு யாரோ மருந்துப் பட்டியல்ல கை வச்சிருக்காங்க. திருத்தத்தை முடிக்காம அப்படியே விட்டுட்டுப் போயிருக்காங்க. மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி வரிசையில நிக்குது.”

“அதை மட்டும் வெட்டி விடு. எந்த அறிவுகெட்ட ஜென்மம்டி அது? கையில கிடைச்சா தோலை உரிச்சிடுவேன்.”

சில விநாடிகளில் தோழி கூவினாள். “ஓடுதுடி! எல்லாக் கவுண்டரும் ஓடுது!” பின்னால் கைதட்டல் கேட்டது.

“சரி, யாரோட லாகின் அது?”

“நல்ல நாளும் அதுவுமா கோவப்படாதே.”

“சொல்லித் தொலை.”

“உன் மாப்பிள்ளையோடது.”

அவள் திரும்பினாள். பக்கத்து நாற்காலியில், புதுச் சட்டையும் கையில் பேனாவுமாக, அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நேரமாயிடுச்சேன்னு ஓடி வந்துட்டேன்” என்றான்.

திருமணப் பதிவாளர் பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தினார். “உங்களுக்குச் சம்மதம்தானேம்மா?”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“சம்மதம்தான் சார். ஒரு வாரத்துக்கு இவர் எந்தக் கம்ப்யூட்டரையும் தொடக்கூடாதுன்னு ஓரத்துல ஒரு வரி சேர்க்க முடியுமா?”